வெற்றுக் குப்பி

பிப்ரவரி 6

அன்புள்ள மூக்குக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. காது மட்டும் போன மாதத்தைவிட ஒரு படி இறங்கியிருக்கிறது. நீ கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நீ வாங்கி அனுப்பிய காதுக்கருவி மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. இழுப்பறைக்கு இப்போது நன்றாகக் கேட்கிறது. தொலைபேசியில் நீ கத்துவதும் நான் 'ம்' கொட்டுவதும் இருவருக்குமே அவமானம் என்பதால் கடிதமே நல்லது.

நீ எப்படி இருக்கிறாய்? சோப்புத் தொழிற்சாலையில் இன்னும் நீதான் தலைமை மூக்கா? ஊரெல்லாம் மூளைக்குச் சம்பளம் வாங்குகிறார்கள். நம் குடும்பத்தில் ஒருத்தி மூக்குக்கு வாங்குகிறாள்.

பக்கத்து வீட்டுக்காரர் மறுபடியும் என் வேலையைப் பற்றிக் கேட்டார். "ஆல்கஹால்ல ஆக்சிஜனை விட்டு..." என்று ஆரம்பித்தேன். "சோடா சேர்க்க மாட்டீங்களா சார்?" என்றார். அவருக்குச் சொல்ல முடியாததை உனக்குச் சொல்கிறேன். ஆல்கஹால் என்பது குடிக்கிற ஒன்று மட்டுமில்லை, பெரிய கூட்டுக் குடும்பம். அதில் பென்சைல் ஆல்கஹால் என்று ஒரு சாது. சொல்லிக்கொள்ளும்படி வாசனை கிடையாது. அதிலிருந்து இரண்டு ஹைட்ரஜனைக் கழற்றிவிட்டால் பென்சால்டிஹைடு ஆகிவிடும். உங்கள் பாதாம் சோப்பின் உயிரே அதுதான். இப்படிக் கழற்ற, அந்தக் காலத்தில் குரோமியம் உப்பைக் கொட்டினார்கள்; சோப்புக்கு வாசனை, ஆற்றுக்கு விஷம். நான் கறுப்பு மாங்கனீசு ஆக்சைடுப் பொடியைப் போட்டு ஆக்சிஜனைக் குமிழி குமிழியாக விடுகிறேன். பொடி தன் உடம்பிலிருக்கும் ஆக்சிஜனைக் கொடுத்து ஹைட்ரஜனைத் தண்ணீராக வெளியே அனுப்புகிறது. கொடுத்த இடம் காலியாகிறது. உள்ளே வரும் ஆக்சிஜன் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. கடைசியில் பொடி போட்டது போட்டபடி இருக்கும். நம் அம்மா வீட்டை நடத்தியதும் இப்படித்தான். அவளுக்குத்தான் யாரும் காலியிடத்தை நிரப்பவில்லை.

கஷ்டம் என்னவென்றால், சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். கொஞ்சம் விட்டால் ஆல்டிஹைடையும் தாண்டி அமிலமாகிவிடும். சித்தப்பா கல்யாண வீட்டில் பேசுவதைப் போல.

கொள்முதல் அதிகாரி ஆக்சிஜனுக்கு மூன்று கடைகளின் விலைப்புள்ளி கேட்டார். பாதி வேலையைச் சாதாரணக் காற்றிலேயே செய்கிறேன் என்றேன். "அப்ப காத்துக்கும் மூணு விலைப்புள்ளி வைங்க" என்றார்.

வழக்கம்போல மூன்று குப்பிகள். கருவி எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். மனிதன் முகம் சுளிப்பானா என்பது அதற்குத் தெரியாது. நீ சொல்.

கேட்காத காதோடும் குறையாத பிரியத்தோடும்,
அண்ணன்


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். கீழ்வீட்டுத் தையல்காரரும் சுகம். அவர் இயந்திரம் ஓடும் சத்தத்தில் உன்னைப் போல் ஆகிவிடுவேனோ என்று மட்டும் பயம். இழுப்பறையிலிருந்து அதை எடுத்து மாட்டிக்கொள். அது அழகு சாமான் இல்லை.

ஒன்றாவது குப்பி நல்ல பாதாம். ஆனால் பின்னால் டொலுவீன் கரைப்பான், கதவுக்குப் பின்னே ஒளிந்த திருடன் மாதிரி நிற்கிறது. காய்ச்சி வடிக்கும்போது உன் ஆய்வகத்து ஆள் அவசரப்பட்டிருக்கிறார். மூன்றாவது சுத்தம். என் மேசைக்கு அதுவே வந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன். இரண்டாவது: காற்று அனுப்பியதற்கு நன்றி. இங்கேயும் கிடைக்கிறது.

எத்தனை வருடமாக இதைச் செய்கிறாய்? மூன்றில் ஒன்றில் வாசனையே இல்லாத வெறும் கரைப்பானை ஊற்றி, மற்ற இரண்டைப் போலவே மூடி போட்டு, ஒன்றுமே தெரியாதவன் போல அனுப்புகிறாய். கேட்டால், "வெற்றுக் குப்பி இல்லாத சோதனை சோதனையே இல்ல" என்பாய். சொந்தத் தங்கையை நம்பாத ஒரே விஞ்ஞானி நீதான். ஒரு தடவையாவது ஏமாந்திருக்கிறேனா?

அக்டோபரில் எங்களுக்கும் தேர்வு வருகிறது. மூன்று காகிதப் பட்டைகள், இரண்டு ஒரே வாசனை, ஒன்று வேறு. வேறானதைக் காட்ட வேண்டும். வரிசையாகத் தவறவிடுகிறவர்களை மூக்கு நாற்காலியிலிருந்து எழுப்பிக் கிடங்குப் பக்கம் அனுப்பிவிடுவார்கள். எனக்குக் கவலை இல்லை. இந்த வருட நாள்காட்டியில் என் மூக்கைப் பக்கவாட்டில் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். முகம் இல்லை, மூக்கு மட்டும். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோது எல்லாரும் குறை சொன்ன அதே மூக்கு.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
மூக்கு


மார்ச் 12

அன்புள்ள மூக்குக்கு,

நலம். டொலுவீன் திருடனைப் பிடித்துவிட்டோம். ஆய்வகத்து ஆளிடம் உன் வரியைப் படித்துக் காட்டினேன். "உங்க தங்கச்சிய இங்க மட்டும் கூட்டிட்டு வந்துடாதீங்க சார்" என்றார்.

பொடியை மாற்றியிருக்கிறேன். மாங்கனீசோடு கொஞ்சம் கோபால்ட். இப்போது அது பாதாமோடு நிற்காமல் வேறு ஆல்கஹால்களிலும் கை வைக்கிறது. என்னென்ன என்று சொல்ல மாட்டேன். மூன்று குப்பிகள் வருகின்றன. சந்தோஷமாக முகர்ந்து, வாய் நிறையத் திட்டி எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே எல்லாருக்கும் சளி. அங்கேயும் இருக்கும்.

அண்ணன்


ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. எனக்கும் ஜலதோஷம் வந்தது. இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. காய்ச்சல் இல்லை, மூக்கடைப்பு இல்லை, நன்றாகத் தூங்குகிறேன்.

ஒன்றாவது குப்பி நன்றாக இருக்கிறது. மூன்றாவதும் நன்றாகவே இருக்கிறது, கொஞ்சம் இனிப்பாக, மென்மையாக. இரண்டாவது: காற்று அனுப்பியதற்கு நன்றி. இங்கேயும் கிடைக்கிறது.

வேலை அதிகம். காதுக்கருவியைப் போட்டுக்கொள்.

அன்புடன்,
தங்கை


ஏப்ரல் 27
(அனுப்பாதது)

அன்புள்ள மூக்குக்கு,

இரண்டாவது குப்பியில் இருந்தது லவங்கப்பட்டை வாசனை. சின்னமைல் ஆல்கஹாலிலிருந்து நான் இதுவரை எடுத்ததிலேயே கெட்டியான சின்னமால்டிஹைடு. மூடி இறுக்கியிருந்தபோதே கூரியர்காரர் பெட்டியை வாங்கி, "கேக்கா சார்?" என்று கேட்டார். மூன்றாவதுதான் வெற்றுக் குப்பி. கொஞ்சம் இனிப்பாக, மென்மையாக இருந்ததாக நீ எழுதியிருப்பது அதைத்தான்.

எப்போதிலிருந்து? ஒன்றுமே தெரியவில்லையா? டாக்டரிடம் போனாயா? தொழிற்சாலையில் யாருக்குத் தெரியும்? காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போது


ஏப்ரல் 27

அன்புள்ள மூக்குக்கு,

நலம். உனக்கும் ஜலதோஷம் போய்விட்டதில் சந்தோஷம்.

சரியாகச் சொன்னாய். இரண்டாவதுதான் வெற்றுக் குப்பி. உன்னை ஏமாற்ற இனி நான் பிறந்து வர வேண்டும்.

இத்தோடு ஒரு சின்னப் பெட்டி வருகிறது. சமையலறைச் சுவரில் அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டு. சமையல் எரிவாயு கசிந்தால் அலறும். ஆய்வகத்தில் உபரியாகக் கிடந்தது. தூக்கிப் போட மனமில்லை. உள்ளே இருப்பது வெள்ளீய ஆக்சைடு, என் கறுப்புப் பொடிக்குப் பங்காளி. காற்றிலிருக்கும் ஆக்சிஜனைப் பிடித்து உடம்பில் ஒட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். எரிவாயு வந்தால் அந்த ஆக்சிஜன் அதோடு போய்விடும். உடனே கத்தத் தொடங்கும். இழந்ததை உடனே வாய்விட்டுச் சொல்லிவிடுகிற ஒரே சொந்தக்காரன் நம் குடும்பத்தில் இதுதான்.

மாட்டியதும் எழுது. மறக்காதே.

அண்ணன்


மே 20

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் பங்காளியை மாட்டினேன். மாட்டிய நாளிலிருந்து நிம்மதி போயிற்று. எரிவாயுவுக்கு மட்டுமா கத்துகிறது? தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த வாசனைத் திரவியத்தைத் திறந்தால் கத்துகிறது. நகச்சாயம் துடைத்தால் கத்துகிறது. தையல்காரர் மாடிப்படி ஏறி வந்து, "மேடம், உங்க வீட்ல குழந்தை இருக்குன்னு சொல்லவேயில்லையே?" என்றார். நல்ல மூக்கு அதற்கு. எங்கள் மேலாளர் பார்த்தால் அதையே வேலைக்கு வைத்துக்கொள்வார்.

உபரி என்கிறாய். பெட்டியின் அடியில் கடைக்காரரின் உத்தரவாத அட்டை இருந்தது. ஏப்ரல் மாதத் தேதி. ஆய்வகத்து உபரி இப்போதெல்லாம் புத்தம் புதிதாக வருகிறது போலிருக்கிறது.

தொழிற்சாலையில் எல்லாம் நலம். மேலாளர் போன வாரம் என்னைப் பாராட்டினார். "உங்க கலவையில இப்ப ஒரு துணிச்சல் தெரியுது மேடம்" என்றார். என்ன துணிச்சல் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

குப்பிகள் எதுவும் இம்முறை அனுப்பவில்லையே?

தங்கை


ஜூன் 11

அன்புள்ள மூக்குக்கு,

நலம். உன் மேலாளரின் பாராட்டைப் படித்து மகிழ்ந்தேன். எங்கள் ஆய்வுக் குழுத் தலைவருக்கும் அவருக்கும் ஒரே அம்மாவாக இருக்க வேண்டும்.

இம்முறை குப்பிகள் வேறு மாதிரி. ஒரு நீண்டகாலத் திட்டம் தொடங்கியிருக்கிறேன். தன்னார்வலர் ஒருவர் தேவை. சொந்தக்காரர் என்றால் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. நான்கு குப்பிகள். இம்முறை விடுகதை கிடையாது. பெயர் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். பாதாம், பட்டை, எலுமிச்சை, வனிலா. காலையும் மாலையும் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், சின்னச் சின்ன மூச்சாக முகர வேண்டும். முகரும்போது அந்த வாசனை எப்படி இருக்கும் என்று மனத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். நல்லது கெட்டது எழுத வேண்டாம். எதுவுமே எழுத வேண்டாம். மாதக்கணக்கில் செய்ய வேண்டும் என்பது திட்டத்தின் விதி. விதியை எழுதியவர் கண்டிப்பானவர்.

நான்கும் என் பொடியில் பிறந்தவை. எலுமிச்சை எதிலிருந்து வந்தது தெரியுமா? ரோஜா மணக்கும் ஜெரானியாலிலிருந்து. வனிலாவை எடுக்க மூன்று தடவை தோற்றேன். குழுத் தலைவர் வந்து பார்த்துவிட்டு, "பாதாமுக்குத்தான அனுமதி வாங்கினீங்க? எலுமிச்சை யாரு கேட்டா?" என்றார். காது கேட்கவில்லை என்று சைகை காட்டினேன். சில சமயம் இது மிகவும் உதவுகிறது.

பங்காளி சுவரில்தானே இருக்கிறான்? கத்துகிறான் என்று கழற்றிவிடாதே.

அண்ணன்


ஜூலை 30

அன்புள்ள மூக்குக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. அதனால் ஒன்றுமில்லை, திட்டத்தின் விதிப்படி நீ எழுத வேண்டியதில்லை. ஆனால் விதியை இவ்வளவு கண்டிப்பாக நம் குடும்பத்தில் யாரும் கடைப்பிடித்ததில்லை என்பதால் கேட்கிறேன்.

இங்கே மழை. பொடி போன வாரம் செத்துப்போனது. ஆல்கஹாலை ஊற்றினால் கல்லாக உட்கார்ந்திருந்தது. உள்ளே கண்டதும் படிந்து, காற்று போக வழியில்லாமல் ஆகிவிடும். தூக்கி எறிய வேண்டாம் என்று கழுவி, உலையில் வைத்து, காற்றோட்டத்தில் மெல்ல மெல்லச் சூடாக்கினேன். திரும்பி வந்தது. முழுதாக இல்லை, முக்கால். ஆய்வகத்து ஆள் புதிதாகச் செய்துவிடலாம் என்றார். முக்கால் போதும் என்றேன். முக்கால் பொடியில் நடக்காத வேலை இன்னும் என் கண்ணில் படவில்லை.

சும்மா எழுதினேன்.

அண்ணன்


செப்டம்பர் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலமாக இருக்கிறேன் என்று இத்தனை கடிதத்தில் எழுதியாயிற்று. இந்த ஒன்றில் எழுதாமல் விடுகிறேன்.

போன திங்கட்கிழமை காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனேன். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. எரிவாயு திறந்தபடியே இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. உன் பங்காளி கத்தினான். நகச்சாயத்துக்குக் கத்துகிறவன்தானே என்று நான் பேசாமல் சட்டையை மடித்துக்கொண்டிருந்தேன். தையல்காரர்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். குழாயை மூடி, சன்னலைத் திறந்து, என்னைப் பார்த்துக் கேட்டார்: "படிக்கட்டு வரைக்கும் நாத்தம் அடிக்குது! உங்களுக்குத் தெரியலையா? நீங்க... சோப்புக் கம்பெனில..." மீதியை அவர் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

அவர் போன பிறகு உட்கார்ந்து அழுதேன். அப்போதும் உன் பங்காளி கத்திக்கொண்டிருந்தான். கூட அழ ஆள் இருந்தது போலிருந்தது.

மார்ச்சில் வந்த ஜலதோஷம் போனபோது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. காப்பி வெந்நீராயிற்று. மழை வெறும் ஈரமாயிற்று. நாளைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்றிருந்தேன். தொழிற்சாலையில் எடைகளை வைத்தும் பழைய ஞாபகத்தை வைத்தும் கலவைகளைச் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் மார்ச் மாதக் குப்பிகளில் இரண்டாவது என்று சொன்னது குருட்டு யூகம். 'சரியாகச் சொன்னாய்' என்று நீ எழுதியபோது ஒரு நிமிடம் துள்ளினேன். அப்புறம் கூட வந்த பெட்டியைப் பார்த்தேன். சரியாகச் சொன்னவளுக்கு யாராவது கேஸ் அலாரம் வாங்கி அனுப்புவார்களா அண்ணா? பொய் சொல்வதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். உனக்கு அது இல்லை. உன் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நானும் நான்கு மாதம் ஒன்றும் தெரியாதவளாக இருந்தேன். நம் இருவரையும் பெற்றவளுக்கு எப்படித் தூக்கம் வந்ததோ.

டாக்டரிடம் போய்வந்தேன். மூக்குக்குள் இருக்கும் நரம்பு மெல்லத் திரும்ப முளைக்கலாம், முளைக்காமலும் போகலாம் என்றார். ஒரு பயிற்சியைத் தாளில் எழுதிக் கொடுத்தார். நான்கு வாசனை, காலையும் மாலையும், சின்னச் சின்ன மூச்சு, மனத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும், மாதக்கணக்கில். உன் நீண்டகாலத் திட்டத்தை அவர் எங்கே திருடினார் என்று கேட்டுச் சொல்.

அந்தக் குப்பிகளை நான் இதுவரை திறக்கவே இல்லை. திறந்து ஒன்றும் வராவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அன்று சாயங்காலம் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. ஆனாலும் முகர்ந்தேன்.

அக்டோபரில் தேர்வு. என்ன செய்வது என்று தெரியவில்லை.

தங்கை


செப்டம்பர் 9

அன்புள்ள மூக்குக்கு,

இந்தப் பெயரை மாற்றும் உத்தேசம் எனக்கு இல்லை.

உன் கடிதம் கிடைத்த அன்று இழுப்பறையைத் திறந்து காதுக்கருவியை எடுத்து மாட்டினேன். தங்கையின் வீட்டில் பால் பொங்கும்போது, 'தொலைபேசியில் பேச மாட்டேன்' என்று வீம்பு பிடிக்கிற அண்ணன் எதற்கு? மாட்டியதும் முதலில் தெரிந்தது, எங்கள் வெற்றிடப் பம்ப் இத்தனை வருடமும் அழுதுகொண்டிருந்திருக்கிறது என்பது. இரண்டாவது, கொள்முதல் அதிகாரி. தினமும் என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்வார். நானும் சிரித்து, "உங்களுக்கும் சார்" என்பேன். நேற்றுதான் காதில் விழுந்தது. "வந்துட்டாருய்யா காத்து வியாபாரி" என்கிறார்.

திட்டம் டாக்டருடையதுதான். புத்தகத்தில் படித்தேன். குப்பிகள் மட்டும் என்னுடையவை.

தேர்வைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். எங்கே நிறுத்த வேண்டும் என்பதைத்தான் இத்தனை வருடமாக அந்தக் கறுப்புப் பொடியிடம் படித்துக்கொண்டிருக்கிறேன். ஏப்ரலில் முன்கூட்டியே நிறுத்திவிட்டேன், அது தப்பு. நீ கேட்டால் பேசலாம் என்று இருந்தது கோழைத்தனம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறேன். கத்தாமல் பேசு, எனக்குக் கேட்கும்.

நாற்காலி போனாலும் நீ எனக்கு மூக்குதான். சோறு இறங்காவிட்டால் இங்கே வந்துவிடு. இங்கே இறங்குமா என்பது வேறு விஷயம், சமைப்பது நான்.

அண்ணன்


அக்டோபர் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். இம்முறை எழுதியது உண்மை.

தொலைபேசியில் பாதிதான் சொன்னேன். மீதியைச் சிரிக்காமல் சொல்ல முடியாது. தேர்வுக்கு முன்னால் மேலாளர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க மேடம். எந்தக் காகிதப் பட்டை வேறன்னு காலையிலேயே நான் சொல்லிடறேன். அடுத்த வருஷ நாள்காட்டியும் உங்க மூக்கோட அச்சுக்குப் போயாச்சு."

"நாள்காட்டியில இருக்கிற மூக்குக்கு ஒண்ணும் ஆகலையே சார், அதையே வேலைக்கு வச்சுக்குங்க" என்றேன். "நாளைக்கு ஒரு குழந்தை உடம்புல போடற சோப்புல ஏதாவது கெட்டுப்போயிருந்தா, அதை நான் சரின்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போக முடியாது."

அவர் நாள்காட்டியைப் பார்த்தார். பிறகு நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கச் சம்மதித்தார்.

வெளியே வந்து துணை மூக்கிடம், நாற்காலியில் நீ உட்கார் என்றேன். பதினாறு வருடம் என் பக்கத்து மேசை அவள். எழுந்திருக்காமலே சொன்னாள்: "அக்கா, ஏப்ரல்லேருந்து நீங்க சரின்னு வச்சதை எல்லாம் சாயங்காலம் நான் இன்னொரு தடவை மோந்து பார்த்துட்டுதான் அனுப்பறேன். ரெண்டு தடவை திருத்தியும் இருக்கேன். சொன்னா நீங்க அழுவீங்க, இல்ல நான் அழுவேன். எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்." மேலாளர் பாராட்டிய துணிச்சல் அவளுடையது என்று அப்போதுதான் புரிந்தது. இருவரும் அழுதோம். வம்பு வந்தே விட்டது.

இப்போது எனக்குக் காத்திருப்பு அறை. சோப்புகளைச் சூட்டிலும் வெளிச்சத்திலும் அடுக்கி வைத்து, வெடிக்கிறதா, நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வனிலா போட்ட சோப்பு நாளாக நாளாகப் பழுப்பாகிறது. வாசனையைக் கண்ணால் பார்க்க முடியும் என்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

நாற்காலியைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. முதல் வாரம் சுற்றுவழியில் போனேன். இப்போது நேர்வழி.

ஒரு செய்தி. முந்தாநாள் உன் எலுமிச்சை வந்தது. கண்ணிமைக்கும் நேரம்தான், ஆனால் எலுமிச்சைதான். மற்றவை வந்திருக்கும் கோலத்தைக் கேட்காதே. பாதாம் எரிந்த டயராக வருகிறது. வனிலாவைத் திறந்தால் நனைந்த அட்டைப்பெட்டி. பட்டை இன்னும் வீட்டுக்கே வரவில்லை. நரம்பு முளைக்கும்போது இப்படிக் கோணலாகத்தான் முளைக்குமாம்; டாக்டர் நல்ல அறிகுறி என்று கைகொடுத்தார். நனைந்த அட்டைப்பெட்டிக்காக ஒரு மனுஷி இவ்வளவு சந்தோஷப்பட்டதை அவர் பார்த்ததில்லையாம்.

தங்கை


டிசம்பர் 2

அன்புள்ள மூக்குக்கு,

நலம். காதும் நலம். ஆண்டறிக்கையில் என் பொடியைப் பற்றி, 'நான்கு வகை ஆல்கஹால்களுக்கும் பொருந்தும் பரந்த பயன்பாடு' என்று எழுதியிருக்கிறார்கள். எலுமிச்சை யார் கேட்டது என்று கேட்டவர்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். யார் கேட்டது என்று நான் சொல்லவில்லை.

பழைய குப்பிகள் காற்று பட்டுப் பட்டு அமிலமாகத் தொடங்கியிருக்கும். புதிதாக நான்கு அனுப்புகிறேன். பெயர் ஒட்டியிருக்கிறது. முக்கால் பொடியில் செய்தவை. வேறு விசேஷம் இல்லை.

அண்ணன்


டிசம்பர் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீ நலம் என்பது ஞாயிற்றுக்கிழமை நீ போட்ட சண்டையிலேயே தெரிந்தது. காது கேட்க ஆரம்பித்ததும் உனக்குப் பேச்சும் கூடிவிட்டது, சித்தப்பா ரத்தம்.

புதிய குப்பிகள் வந்தன. எலுமிச்சை இப்போது வந்தால் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போகிறது. பாதாம் இன்னும் டயர்தான், ஆனால் எரிந்த டயர் இல்லை, கடையில் தொங்குகிற புது டயர். பட்டை நேற்று வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தது.

வனிலாவில்தான் சந்தேகம். காலையில் திறந்தேன், அட்டைப்பெட்டி வரவில்லை. பழையபடி எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன். சாயங்காலமும் வரவில்லை. அக்டோபரிலிருந்து ஒரு நாள் தவறாமல் வந்துகொண்டிருந்த அட்டைப்பெட்டி. பழைய வனிலாக் குப்பியைக் குப்பையிலிருந்து எடுத்துத் திறந்து பார்த்தேன். அதில் அட்டைப்பெட்டி சொட்டச் சொட்ட நனைந்து நிற்கிறது. புதியதில் மட்டும் இல்லை. துணை மூக்கிடம் கேட்டால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நானே பார்த்தேன்.

பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டினால் எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா?

காற்று அனுப்பியதற்கு நன்றி. இங்கேயும் கிடைக்கிறது.

இப்படிக்கு,
மூக்கு